ஒப்புக்கொள்ளச் சொன்னது யார்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மெம்ஃபிஸ் பகுதியில் உணவகம் நடத்திவந்தவர் ஜே லீ. போதை மாத்திரை வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக நீதிபதி முன் நின்றார். இந்தத் தண்டனையால் நீங்கள் நாடு கடத்தப்படலாம், அது உங்கள் முடிவைப் பாதிக்கிறதா என்று நீதிபதி கேட்டார். லீ ஆமாம் என்றார். எப்படி என்று கேட்டபோது, கேள்வி புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். எல்லோரிடமும் வழக்கமாகச் சொல்கிற எச்சரிக்கைதான் இது என்றார் வழக்கறிஞர். அந்த வார்த்தையை நம்பி லீ ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டது.

லீ 1982இல், 13 வயதில், பெற்றோருடன் தென்கொரியாவிலிருந்து வந்தவர். நிரந்தர வசிப்புரிமையோடே காலத்தை ஓட்டிவிட்டார், குடியுரிமை வாங்கவில்லை. வழக்கு வந்த நாள் முதல் அவர் தன் வழக்கறிஞரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, என்னை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களா என்பதைத்தான். மாட்டார்கள் என்பதே பதிலாக வந்தது. சட்டம் நேர்மாறாக இருந்தது, அந்தக் குற்றத்துக்கு நாடுகடத்தல் கட்டாயம். அந்த ஒப்புதலை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 2017 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

வழக்கறிஞர் தவறான ஆலோசனை சொன்னார் என்பதில் அங்கே சண்டையே இல்லை, அரசுத் தரப்பே அதை ஏற்றுக்கொண்டது. சண்டை அடுத்த படியில் வந்தது. சாட்சியம் அவ்வளவு வலுவாக இருந்தபோது, சரியான ஆலோசனை கிடைத்திருந்தால் மட்டும் இவர் விசாரணைக்குப் போயிருப்பாரா? புத்தியுள்ள யாரும் போகமாட்டார்கள் என்றன கீழ் நீதிமன்றங்கள். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதை ஏற்கவில்லை. நாட்டில் தங்குவதே எல்லாமாக இருக்கிற ஒருவருக்கு, ஒப்புக்கொண்டால் நிச்சயம் வெளியேற்றம், விசாரணையில் தோற்றாலும் அதே வெளியேற்றம் என்னும்போது, தப்பிக்க இருக்கிற ஒரு சிறு வாய்ப்பைப் பற்றிக்கொள்வது பைத்தியக்காரத்தனம் அல்ல என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். ‘தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்’ என்று பின்னால் வந்து சொல்வது மட்டும் போதாது, அந்த நேரத்துச் சாட்சியம் வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். லீயைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு, நீதிமன்றப் பதிவில் இருந்த அந்த நாலைந்து வரி உரையாடலுக்கு உண்டு. 1984இல் ஸ்ட்ரிக்லண்ட் வழக்கு இரண்டு சோதனைகளை வகுத்தது: வழக்கறிஞரின் பணி ஏற்கத்தக்க தரத்துக்குக் கீழே இருந்ததா, அதனால் பாதிப்பு நேர்ந்ததா. அடுத்த ஆண்டே ஹில் வழக்கு அவற்றைக் குற்ற ஒப்புதலுக்கும் பொருத்தியது. ஆனால் ஹில் தோற்றார். பரோல் பற்றித் தன் வழக்கறிஞர் தவறாகச் சொன்னார் என்று முறையிட்டவர், சரியாகச் சொல்லியிருந்தால் விசாரணை கேட்டிருப்பேன் என்று தன் மனுவில் சொல்லவே இல்லை. 2010இல் பதில்லா வழக்கில், ஒப்புதலால் நாடுகடத்தல் வரும் என்பதைக் கட்சிக்காரரிடம் சொல்வது வழக்கறிஞரின் கடமைக்குள் வந்தது. வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகப் பணியாற்றி, 40 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்த பதில்லாவுக்கு, இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், கவலை வேண்டாம் என்று ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது.

அந்த நாட்டு முறையைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் தேவையில்லை. கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் ஒப்புதலால் வருபவை என்று 2012இல் அதே உச்ச நீதிமன்றம் எழுதியது. விசாரணையே அபூர்வமாகிவிட்ட இடத்தில், ஒப்புதலுக்கு முந்தைய ஆலோசனையின் மேல் அவர்கள் கண் வைத்தே ஆக வேண்டியிருந்தது.

நம் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ஒன்றில் லீ நின்றிருந்தால் அவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? சுருக்க விசாரணை வழக்குகள் கட்டுக்கட்டாக அழைக்கப்படும் காலை வேளையை நம் வாசகர்கள் அறிவார்கள். பெயர் கூப்பிடப்படுகிறது, கூண்டருகே வருவதற்குள் ஜூனியர் காதோரம் சொல்கிறார்: ‘அட்மிட் பண்ணிடுங்க, ஃபைனோட முடிஞ்சிடும்.’ அச்சடித்த படிவத்தில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்ற வரி ஏற்கெனவே இருக்கிறது, நிரப்ப வேண்டியது தொகை மட்டும். வழக்கறிஞர் என்ன சொன்னார், கட்சிக்காரர் என்ன கேட்டார் என்பதற்கு ஒரு எழுத்துகூட எங்கும் இல்லை.

சட்டம் இப்படி இருக்கச் சொல்லவில்லை. சம்மன் வழக்குகளில் ஒப்புதலைக் கூடுமானவரை எதிரி சொன்ன வார்த்தைகளிலேயே பதிய வேண்டும் என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252ஆம் பிரிவு, இன்றைய பி.என்.எஸ்.எஸ். 275. அதற்கும் முந்தைய சட்டத்தின் இதே வாசகத்தைப் பற்றி, சென்னையிலிருந்து போன மகந்த் கௌசல்யா தாஸ் வழக்கில், இது வெறும் சம்பிரதாயம் அல்ல, கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அறுபது ஆண்டு ஆகிறது. நம் சொந்த ஊர் வழக்கு அது. அதைச் சுட்டிக்காட்டாமல் தாக்கலாகும் சீராய்வு மனுக்களைப் பார்க்கும்போது ஆயாசமாக இருக்கிறது.

எதிர்ப்பதற்கான வழிகளைப் பார்ப்போம். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு, தண்டனையின் அளவு அல்லது சட்டத்தகுதி பற்றி மட்டுமே மேல்முறையீடு உண்டு. பழைய 375, இன்று 416. குற்றத்தீர்ப்பையே எதிர்க்க மேல்முறையீடு கிடையாது என்பதால்தான் சீராய்வு திறந்திருக்கிறது. மேல்முறையீடு செய்திருக்கலாமே என்று 442(4)ஐக் காட்டி அரசுத் தரப்பு தடுக்க முயன்றால் இதையே பதிலாகச் சொல்லலாம். உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் 528இல் இருக்கிறது. பேரம் பேசி முடித்த வழக்கென்றால் 295 எல்லாவற்றையும் மூடிவிட்டு, அரசமைப்பின் 136, 226, 227 ஆகிய கூறுகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பேர முறையில், எதிர்த்தரப்பு இல்லாமல் மூடிய அறையில் எதிரியை விசாரித்து, தன்விருப்பத்தோடுதான் வந்தாரா என்று நீதிமன்றம் நிறைவுகொள்ள வேண்டும். மூன்று மாதச் சிறைக்கு நேராகக் கூண்டில் ஒப்புக்கொள்பவருக்கு இந்த ஏற்பாடு இல்லை.

பேரம் சட்டமாவதற்கு முன்பே, 1980இல் காசம்பாய் வழக்கில் நீதிபதி பகவதி, பேரத்தால் வந்த ஒப்புதலின் மேல் தண்டனை நிற்காது என்றார். லேசான தண்டனைதான் என்ற உறுதியில் ஒப்புக்கொண்டவருக்கு மேல் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டியபோது, அது 21ஆம் கூறுக்கு எதிரானது என்று திப்பேசாமி வழக்கு சொன்னது. இரண்டிலும் நீதிமன்றத்தின் அல்லது அரசுத் தரப்பின் வாக்குறுதிதான் பேசப்படுகிறது. அதே வாக்குறுதியைச் சொந்த வழக்கறிஞர் தந்திருந்தால்? கூண்டில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், கறுப்பு அங்கி போட்டவர் சொன்னார் என்பதே அவருக்குத் தெரிந்தது. நம் தீர்ப்புகளோ இந்த இரண்டாவது வகையில் பெரும்பாலும் பேசுவதில்லை.

சட்ட உதவி வழக்கறிஞர் என்றால் நிலைமை கொஞ்சம் மேல். இலவசச் சட்ட உதவி உண்டு என்பதைச் சொல்லாமலே நடந்த விசாரணை செல்லாது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கும், உதவி பேருக்கு இருந்தால் போதாது, தயாராக அவகாசம் வேண்டும் என்று 2019இல் அனோகிலால் வழக்கும் சொல்கின்றன. பணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞர் கவனக்குறைவாக நடந்தால், நீயே தேர்ந்தெடுத்தாய், நீயே அனுபவி என்பதுதான் சொல்லப்படாத விதி. இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருபதாயிரம் ரூபாய்க்கு வக்காலத்து கொடுத்த கட்டடத் தொழிலாளி எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்?

ஒப்புக்கொள்ளச் சொல்வதெல்லாம் தவறும் அல்ல. வளைகுடாவுக்குப் போக வேண்டிய ஒருவருக்கு, நிலுவையில் இருக்கும் வழக்கு கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(f)இன்படி முட்டுக்கட்டை. அதே வழக்கில் சிறு அபராதத்தோடு தண்டனை ஆகிவிட்டால் 6(2)(e) அவரைத் தொடாது. அதற்கு ஒழுக்கக்கேடான குற்றமும் குறைந்தது இரண்டாண்டுச் சிறையும் வேண்டும். வழக்கை முடித்துவிட்டுப் போவதே அவருக்கு லாபம். ஆனால் பக்கத்தில் அதே குற்ற எண்ணில் நிற்கும் அவர் தம்பி காவலர் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையே குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகக் கருதுகிற பணி விதி இங்கே இருக்கும்போது, ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? அண்ணனுக்குச் சொன்ன அதே ஆலோசனையை ஒரே மூச்சில் தம்பிக்கும் சொல்வதைத்தான் குறைபாடு என்கிறோம். எதற்காக வந்திருக்கிறீர்கள், என்ன வேலை, வெளிநாட்டு எண்ணம் உண்டா என்று கேட்க இரண்டு நிமிடம் ஆகாது.

இன்னொன்றும் விட்டுப்போகிறது. ஒப்புக்கொள்ள வைத்தவர், நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4ஆம் பிரிவைக் கேட்டாரா? அந்தப் பிரிவுகளில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12ஆம் பிரிவு. தீர்ப்பு அழிந்துவிடாது, துறை நடவடிக்கைக்கு அது கவசமும் இல்லை, 1990இல் பக்ஷி ராம் வழக்கு அதைத் தெளிவாக்கியிருக்கிறது. என்றாலும் கேட்காமல் விட்டது கேட்டிருக்க வேண்டிய ஒன்று. அது தண்டனை பற்றிய கேள்வி என்பதால் 416இன் தடையையும் தாண்டி மேல்முறையீட்டில் எழுப்பலாம். ஒப்புதலை உடைக்கக் கிளம்பும் முன் இந்த எளிய வழியைப் பார்த்துவிடுவது நல்லது.

உடைத்தே தீர வேண்டும் என்றால், முந்தைய வழக்கறிஞரைக் கரித்துக்கொட்டும் பிரமாண வாக்குமூலம் எடுபடாது. யாரோ சொன்னார், நம்பினேன் என்பதெல்லாம் ஹில்லின் கதிதான். என்ன கேட்டார், எப்போது கேட்டார், என்ன பதில் வந்தது, அதைக் காட்ட வாட்ஸ்ஆப் செய்தியோ, வேலை விண்ணப்பமோ, விசா முன்பதிவோ உண்டா என்பதில்தான் வழக்கு நிற்கிறது. அந்தக் காலத்துத் தாள் ஒன்று போதும்.

சக வழக்கறிஞர் மேல் குற்றம் சாட்டுவதற்கு ஒரு முறையும் வேண்டும். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் மெக்குக் வழக்கில், புதிதாக வருபவர் மனுவுக்கு முன் பழையவரிடம் விசாரித்தாக வேண்டும் என்றது. நமக்கு அப்படி விதி இல்லை, பின்பற்றத் தடையும் இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 126, இப்போதைய 132, கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வாய் திறக்கக் கூடாது என்கிறது. ஆகவே அவர் தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாமல் நிற்பார். எழுத்துமூலமான சம்மதத்தை முதலிலேயே கட்சிக்காரரிடம் வாங்கி, அதன் நகலோடு பழையவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். அவர் பதில் நமக்குச் சாதகமாகவும் வரலாம், ஆமாம், நான் பார்க்கவில்லை என்று நேர்மையாகச் சொல்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, அப்படிச் சொல்வதற்கான பயமும் ஓரளவு குறைந்திருக்க வேண்டும்.

தொழிலில் இருப்பவர்களிடம் இந்த இதழ் கேட்பது ஒரு பக்கக் குறிப்பு. ஒப்புக்கொள்ள ஆலோசனை தரும் ஒவ்வொரு கட்டிலும், கட்சிக்காரரின் வேலை, பயணத் திட்டம், முன் வழக்கு, சொல்லப்பட்ட விளைவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி, அவர் கையெழுத்தோடு வைக்க வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் தங்கள் பட்டியல் வழக்கறிஞர்களுக்கு இதைக் கட்டாயமாக்கலாம். வேலைப்பளுவில் எங்கே நேரம் என்ற ஆட்சேபம் வரும். அபராதம் கட்ட வரிசையில் நிற்கும் நேரத்தில் எழுதி முடிக்கலாம்.

கடைசியாகக் காலவரம்பு. அமர்வு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், சீராய்வு 90 நாள். தான் ஒப்புக்கொண்டதன் பொருள் கட்சிக்காரருக்குத் தெரியவருவதோ, மூன்றாண்டு கழித்துக் காவல் சரிபார்ப்பு அறிக்கை கைக்கு வரும் நாளில். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் அந்தத் தேதியும் அந்த அறிக்கையின் நகலும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். ‘சட்ட அறியாமையால்’ என்று தொடங்கும் வழக்கமான வாசகத்தை நீக்கிவிட்டு, வழக்கறிஞர் சொன்ன தவறான தகவலையும் அதை எந்த நாளில் அறிந்தார் என்பதையும் எழுதுங்கள்.