வாய் பொத்தி நிற்கும் நோயாளிகள்

இரத்த அழுத்தத்திற்கென எனலாப்ரில் உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் நமக்கு வறட்டு இருமல் கண்டது. பாடத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. மருத்துவரோ, "வயதாகிறதல்லவா" என்று இருமலுக்கு ஒரு டானிக் எழுதித் தந்தார். மூன்று மாதம் பருகினோம், இருமல் போகவில்லை.

எனலாப்ரில் வகை மருந்துகளால் பிராடிகைனின் என்னும் பொருள் சிதையாது உடலில் தேங்கும். சிலருக்கு இருமல் வருவது அதனால் என்பர். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். இவ்வளவு எளிய தீர்வுக்குக் குறுக்கே நின்றது எது? மருத்துவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்னும் நமது அடக்கமே.

அம்லோடிபினால் கால் வீங்கியவரும், மெட்ஃபார்மினால் வயிறு கலங்கியவரும் "உடம்பென்றால் அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்கின்றனர். வேறு சிலர் எவரிடமும் சொல்லாது மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். முன்னது வீண் துன்பம், பின்னது ஆபத்து.

குறளின் 95ஆம் அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுகையில் நோயுற்றவனையே முதலில் வைக்கிறது. அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்விக்கும் நாமே மருத்துவர் முன் வாய் பொத்தி நிற்கிறோம். பக்க விளைவை நோயாளியே தெரிவிக்க 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண் இந்தியாவில் உண்டு. அதை எத்தனை பேர் அறிவோம்? ஒவ்வொரு மருந்துச் சீட்டின் அடியிலும் அதை அச்சிட வேண்டும். அதுவரை, இருமுகிறவர் வாய் திறந்து கேட்கட்டும்: இது நோயா, மருந்தா?