தோன்றா எழுவாய்: நிறவெறியும் இணையச் சீற்றமும்

இணையச் சீற்றத்துக்கு ஓர் எழுவாய் வேண்டும். சொன்னவர் யார், சொன்ன சொல் எது என்பவை கிடைத்தாலொழிய அது கிளர்வதில்லை. இதன் விளைவாக, நிறவெறி என்பது யாரோ ஒருவர் வாயிலிருந்து உதிரும் இழிசொல் என்ற எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றிவிட்டது. கொச்சி மட்டாஞ்சேரியின் வரலாறு இந்த எண்ணத்தை மறுக்கிறது.

அங்குள்ள பரதேசி யூதத் தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. அது 'வெள்ளை யூதர்' எனப்பட்டோரின் ஆளுகையில் இருந்தது. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே மலபாரில் வேரூன்றியோர் 'கறுப்பு யூதர்' எனப்பட்டனர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோரோ அக்கூடத்தையே சார்ந்திருந்தும், உள்ளிருக்கைகளில் அமரும் உரிமையும் தோரா வாசிக்க அழைக்கப்படும் உரிமையும் அற்றிருந்தனர். இதற்கு வசைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. 'வழக்கம்' என்ற சொல்லே போதுமானதாயிருந்தது.

தமிழ் இலக்கணம் இதனைத் தோன்றா எழுவாய் என்னும். எழுவாய் வெளிப்படாது, பயனிலையே அதைக் காட்டிக்கொடுக்கும். அவ்வழிவந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்திய நெறியில் சத்தியாகிரகம் செய்தபோது, எவரது நாவையும் குறிவைக்கவில்லை, இருக்கையைக் குறிவைத்தார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன.

சீற்றமும் பயன் தந்ததே என்பர். 2024 மார்ச்சில், கருநிறத்தோர் மோகினியாட்டத்துக்குத் தகாதவர் என்னும் பொருள்பட மூத்த நடனக் கலைஞர் ஒருவர் பேசியது ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணனைக் குறித்ததாகக் கொள்ளப்பட்டு, கேரளம் கொதித்தது. அம்மாத இறுதிக்குள் கேரள கலாமண்டலம் மோகினியாட்ட வகுப்பை ஆண்களுக்கும் திறந்துவிட முடிவெடுத்தது. நல்லது. ஆயினும் அங்கே திறந்தது பாலினத்தின் கதவு. மேடையில் எந்த நிறம் அழகு என்று தீர்மானிக்கும் அளவுகோலை எவரும் தொடவில்லை. பேசியவர் மீது வசை பொழிந்ததோடு பலருக்குக் கடமை முடிந்தது.

2025 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன், தம் பணிக்காலம் கறுப்பு என்றும், முன்னவரான தம் கணவரின் பணிக்காலம் வெள்ளை என்றும் ஒருவர் ஒப்பிட்டதைப் பதிவுசெய்தார். சொன்னவர் பெயரை அவர் எழுதவில்லை. பலரது ஆவலோ அப்பெயரைத் தேடியே ஓடியது. அதே பதிவில், நான்கு வயதில் தம்மை மீண்டும் கருவறைக்குள் வைத்து வெண்மையாகப் பெற்றெடுக்க முடியுமா எனத் தாயிடம் கேட்டதையும் அவர் எழுதியிருந்தார். அக்குழந்தைக்கு அதைக் கற்பித்தவர் யார்? அங்கே கண்டிக்கத்தக்க ஒற்றைப் பெயர் இல்லை; ஆகவே சீற்றத்துக்கும் அங்கே வேலையில்லை.

ஆய்வுலகின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. 'யார் சொன்னார்' என்ற கேள்வி ஒரு வாரத்தில் அடங்கிவிடும். எவர் எங்கே அமர்த்தப்படுகிறார், எவர் மேடையேற்றப்படுகிறார், எந்த அளவுகோலால் என்ற கேள்விகள் அடங்குவதில்லை; அவை ஆண்டுக்கணக்கான உழைப்பைக் கோருபவை. அவ்வுழைப்புக்கு விருப்பக்குறிகள் குவியமாட்டா. வாக்கியத்தின் எழுவாயை மட்டுமே தண்டித்துப் பயனிலையை அப்படியே விட்டுவைக்கும் அறச்சீற்றம், நிறவெறிக்குச் செய்யும் தொண்டேயன்றி வேறில்லை.