ஜன்னலோரத் தோட்டமும் காத்திருக்கும் தாயும்

சகோதரிகளுக்கான மாதப் பகுதி



பிள்ளைப்பேற்றுக்காக நம் சபைகளில் ஊக்கமாய் ஜெபிக்கிறோம். பிள்ளை பிறந்தால் சாட்சி சொல்லி, பிரதிஷ்டை செய்து, ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். ஆனால் கருவிலேயே பிள்ளையை இழந்த சகோதரிக்கென்று நம் ஆராதனையில் ஒரு வேளையும் இல்லை. அவளுடைய இழப்புக்கு அடக்க ஆராதனை இல்லை, பெயர் இல்லை, நினைவுக்கு ஒரு புகைப்படமும் இல்லை. ஊரில் இருந்தால் தாயார் வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார். பட்டணத்திலோ சில நாள் படுக்கை, அதன்பின் மறுபடியும் மின்சார ரயில், அலுவலகம், சமையல். பக்கத்து வீட்டாருக்கு நம் மொழி தெரியாது. ஊரிலிருந்து வரும் தொலைபேசி மட்டும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று தவறாமல் கேட்கும்.

இம்மாதம் அந்தச் சகோதரியிடம் பேச விரும்புகிறேன். அவள் தன் ஜன்னலோரத்தில் வைக்கக்கூடிய நான்கைந்து தொட்டிகளைப் பற்றியும் பேச விரும்புகிறேன். இவ்விரண்டிற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களானால், ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன்.

பட்டுப்போன முருங்கை

மும்பையின் புறநகர் ஒன்றில், மூன்றாம் மாடியில் வசிக்கும் ஒரு சகோதரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவள். இரண்டு முறை கரு தரித்து, இரண்டு முறையும் இழந்தாள். இரண்டாம் இழப்புக்குப் பின் ஜன்னல் கிரில்லில் ஒரு பழைய பெயிண்ட் வாளியை வைத்து, அதில் முருங்கைக் கன்று ஒன்றை நட்டாள். அது தழைத்தால் கர்த்தர் தனக்கும் ஒரு பிள்ளையைத் தருவார் என்று தன் மனதுக்குள் அடையாளம் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை மாதத்தில் விடாத மழை பெய்தது. ஒரு வாரத்தில் கன்று வாடி அழுகிவிட்டது. நான் அவளைச் சந்திக்கச் சென்றபோது, வாளியின் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "பாஸ்டரம்மா, இதுவும் பட்டுப் போச்சு. எதுவுமே என் கையில நிக்க மாட்டேங்குது" என்றாள்.

நான் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருந்த துளைகளைச் சேறு அடைத்திருந்தது. முருங்கை வறட்சியைத் தாங்கும்; வேரில் தேங்கும் நீரைத் தாங்காது. "மகளே, இது அடையாளம் அல்ல, தண்ணீர் தேங்கிவிட்டது, அவ்வளவுதான்" என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்தேன். அவளோ என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்போ என் உடம்புலயும் நான் ஏதோ கவனிக்காம விட்டுட்டேனா?" என்று கேட்டாள்.

பிரியமானவர்களே, அந்தக் கேள்விதான் என்னை இதை எழுதச் செய்தது.

குற்றவாளியைத் தேடாதிருங்கள்

வாளியைக் கவிழ்த்தால் துளை தெரிந்துவிடும். கருவின் காரியம் அப்படியல்ல. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் ஏறக்குறைய 100க்கு 10 முதல் 20 வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நேரிடுகின்றன. அந்த ஆரம்பகால இழப்புகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவாகும் வேளையிலேயே தற்செயலாய் ஏற்படும் குரோமோசோம் குறைபாடு. அந்தத் தாய் படியேறியதாலோ, ரயிலில் நின்று பயணம் செய்ததாலோ, துணி துவைத்ததாலோ, ஒரு நாள் கோபப்பட்டதாலோ அது நேரிடுவதில்லை.

பாவமோ சாபமோ என்று கேட்கிறவர்களும் உண்டு. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்ற கருத்தில் ஆண்டவர் பதில் சொன்னதை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். 2 இராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தில் எரிகோ பட்டணத்தார் தங்கள் நிலத்தைப் பற்றி எலிசாவிடம் முறையிடுகிறார்கள். அங்கே நிலத்தின் தன்மையைச் சொல்லும் எபிரெய வார்த்தைக்குப் பிள்ளையை இழக்கிறது, கருவைச் சிதைக்கிறது என்ற பொருளும் உண்டு. தீர்க்கதரிசி அந்த மண்ணைக் கடிந்துகொள்ளவில்லை. நீரூற்றண்டைக்குப் போய் உப்பைப் போட்டார், கர்த்தர் தண்ணீரை ஆரோக்கியமாக்கினார். மண்ணுக்குக் கிடைத்தது கண்டனமல்ல, சுகமே.

ஆகையால் இரண்டு இழப்புகளோ அதற்கு மேலோ நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் பரிசோதனை கேளுங்கள். தைராய்டு, சர்க்கரை, இரத்தம் உறையும் தன்மை சார்ந்த எதிர்ப்பொருள்கள், கர்ப்பப்பையின் அமைப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இவற்றில் பல சிகிச்சைக்கு உட்பட்டவை. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால், இழப்புக்குப் பின் ஆன்டி-டி ஊசி தேவையா என்று உடனே கேளுங்கள். தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் போடுவது வழக்கம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, நிற்காத இரத்தப்போக்கு இருந்தால் உபவாச ஜெபம் முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பவுலோடு ஊழியப் பாதையில் நடந்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை மறவாதிருப்போம்.

மறுபடியும் எப்போது?

2005ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கருச்சிதைவுக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் காத்திருக்க ஆலோசனை கூறியது. 2010ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 30,000 பெண்களின் பதிவுகளைக் கொண்டு வெளியான ஆய்வோ, ஆறு மாதத்துக்குள் கரு தரித்தவர்களுக்குத் தீங்கு அதிகமாகவில்லை என்று காட்டியது. உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரின் சொல்லையே இதில் கேளுங்கள். மாமியாரும் சபையாரும் நாள் குறிக்கவேண்டிய காரியம் அல்ல இது.

வேலைக்குச் செல்லும் சகோதரிகள் ஒன்றை அறியவேண்டும். கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்பது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது உண்டு. சட்டத்துக்குட்பட்ட நிறுவனங்களில் மருத்துவச் சான்று கொடுத்துக் கேட்கலாம். வெட்கப்பட்டு இரண்டாம் நாளே வேலைக்கு ஓடாதீர்கள்.

ஒரு மாதத்துக்குள் ஒரு பலன்

மறுபடியும் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவள் மாதங்களை எண்ணுகிறாள். ஒவ்வொரு மாதமும் ஓர் எதிர்பார்ப்பு, ஓர் ஏமாற்றம். அவளுடைய கைகளுக்கு, அதே மாதத்துக்குள் பலன் காட்டும் ஒரு வேலை கிடைப்பது நல்லது. ஆகவே முருங்கையைப் போன்ற மரத்தில் தொடங்காதீர்கள்; வெந்தயத்தில் தொடங்குங்கள்.

விதை வாங்கக் கடைக்குப் போகவேண்டாம். அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து, அகன்ற தொட்டியில் தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். மூன்று நான்கு நாளில் முளைக்கும். நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம். வட இந்தியச் சந்தைகளில் மேத்தி என்று கட்டுக்கட்டாய் விற்பது இதுவே. கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதைக்கவேண்டும். முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும், பொறுமை தேவை. சிறுகீரையும் தண்டுக்கீரையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பலன் தரும். புதினாவுக்குச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டுகள் நான்கை ஊன்றினால் போதும்.

மண், மக்கிய உரம் அல்லது மண்புழு உரம், தென்னைநார்க்கழிவு ஆகியவற்றைச் சமமாய்க் கலந்துகொள்ளுங்கள். தொட்டியின் அடித்துளைகளை ஓட்டுச்சில்லால் மூடி, அதன்மேல் மண்ணிடுங்கள். தண்ணீர் வடியும், மண் அடைக்காது. மும்பையில் மழைக்காலமாகிய ஜூன் முதல் செப்டம்பர் வரை தொட்டிகளைச் சாரல் படாத உள்விளிம்புக்கு நகர்த்துங்கள். டெல்லியில் மே மாத அனல்காற்றுக்கு நிழல்வலை தேவை. அங்கே குளிர்காலம் வெந்தயத்துக்கும் கொத்தமல்லிக்கும் ஏற்றது, தண்டுக்கீரைக்கோ ஏற்றதல்ல. பெங்களூரில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் விதைக்கலாம்.

கவனிக்கவேண்டியவை

கரு தரிக்க விரும்புகிறவர்கள் மண்ணில் வேலை செய்யும்போது கையுறை அணியுங்கள். முடிந்தபின் சோப்பினால் கைகளைக் கழுவுங்கள். பூனையின் மலம் கலந்த மண்ணிலிருந்து டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி தொற்றக்கூடும். கர்ப்பக் காலத்தில் புதிதாய்த் தொற்றினால் அது கருவைப் பாதிக்கலாம். நம் குடியிருப்புகளில் தெருப்பூனைகள் தொட்டியில் படுத்துக்கொள்வது வழக்கமாதலால் மேலே வலையிட்டு மூடுங்கள். பச்சைச் சாணத்தையும் கோழி எருவையும் பயன்படுத்தாதீர்கள். நன்றாய் மக்கிய உரமே ஏற்றது. பூச்சிமருந்து வேண்டாம். வீட்டில் விளைந்த கீரையானாலும் பலமுறை அலசிச் சமையுங்கள். தொட்டியின் கீழே வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் டெங்கு கொசு பெருகும். வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கனமான தொட்டிகளை நகர்த்தக் கணவரைக் கூப்பிடுங்கள்.

கீரை நல்லது, ஆனால் கீரை மாத்திரைக்கு ஈடாகாது. கரு தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்கி, முதல் 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தேவை. நம் நாட்டு மருந்துக்கடைகளில் பரவலாய்க் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. உங்களுக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

தோட்டம் அடையாளம் அல்ல

இப்பொழுது அந்தச் சகோதரியின் முருங்கைக்குத் திரும்புகிறேன். செடியைப் பிள்ளைக்கு அடையாளமாக வைக்காதீர்கள். நூறு விதை தூவினால் எல்லாம் முளைப்பதில்லை. பூச்சியும் மழையும் சிலவற்றை எடுத்துக்கொள்ளும். ஒரு செடி வாடுவது தேவன் உங்களை மறந்ததாகாது. ஒரு செடி தழைப்பதும் அவர் எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரமாகாது.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன ஓர் உவமையை நினைவுகூருங்கள். விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான். விதை முளைத்து வளர்வது எப்படி என்று அவனுக்கே தெரியாது. தெரியாததினால் அவன் குற்றவாளியாகவில்லை. தூங்கினதினால் அவிசுவாசியாகவும் இல்லை. விதைப்பதும் நீர் ஊற்றுவதும் நம் பங்கு. விளையச் செய்வது நம் பங்கு அல்ல. இதைத் தொட்டியில் கற்றுக்கொள்ளும் சகோதரி, தன் சரீரத்தைக் குறித்தும் தன்னைக் கொஞ்சம் மன்னிக்கக் கற்றுக்கொள்வாள்.

கணவர்களுக்கும் சபையாருக்கும்

பத்துப் பிள்ளைகளைப் பார்க்கிலும் நான் உனக்கு மேலல்லவா என்ற பொருளில் எல்க்கானா அன்னாளிடம் பேசினான். அன்பினால் பேசினான், ஆனாலும் அவளுடைய கண்ணீர் நிற்கவில்லை. சகோதரர்களே, பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அவளோடுகூட உட்கார்ந்து மண் கலந்து கொடுங்கள். உங்களுக்கும் அது இழப்பே என்பதை அவளிடம் சொல்லுங்கள்.

ஏலி அவளுடைய உதடுகளைப் பார்த்து, அவள் வெறித்திருக்கிறாள் என்று எண்ணினான். நாமும் ஆராதனையில் அழுகிற சகோதரியை அவிசுவாசி என்று எண்ணிவிடக்கூடாது. அடுத்த வருடம் இதே நாளில் கையில் பிள்ளை இருக்கும் என்று, ஆவியானவர் சொல்லாததை நம் இரக்கத்தினால் சொல்லிவிடவும் கூடாது. அந்த நாள் வெறுமையாய் வரும்போது, அவள் உங்களை அல்ல, தன் விசுவாசத்தையே சந்தேகிப்பாள்.

அந்தச் சகோதரிக்கு இன்னும் பிள்ளை இல்லை. பரிசோதனையில் தைராய்டு குறைபாடு தெரியவந்து, மருந்து எடுத்துவருகிறாள். அதே பெயிண்ட் வாளியில், துளைகளைச் சுத்தம் செய்து வெந்தயம் விதைத்தாள். சென்ற மாதம் காவல்கூட்ட ஜெபத்துக்கு வந்தபோது, ஈரத்துணியில் சுற்றிய ஒரு சிறு கட்டுக் கீரையை என் கையில் கொடுத்தாள். அன்று இரவு எங்கள் வீட்டில் வெந்தயக்கீரைக் குழம்பு. சாட்சி நேரத்தில் அவள் எழுந்து நிற்கவில்லை; எனக்கோ அந்தக் கட்டே சாட்சியாயிருந்தது.

இம்மாதம் உங்கள் சபையில் இப்படி ஒரு சகோதரி இருப்பாளானால், ஒரு தொட்டியும் ஒரு கைப்பிடி மண்ணும் கொண்டு அவள் வீட்டுக்குச் செல்லுங்கள். அறிவுரையை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, கருவில் பிள்ளையை இழந்து மெளனமாய் அழுகிற ஒவ்வொரு சகோதரியையும் உமது கரத்தில் தருகிறோம். அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றஉணர்வை நீக்கும். மருத்துவர்களுக்கு ஞானத்தையும், கணவர்களுக்கு மென்மையையும், சபைக்கு நாவடக்கத்தையும் தாரும். பிள்ளையைத் தருவீரானால் ஸ்தோத்திரம். காத்திருக்கும் நாளிலும் எங்களோடிருப்பதற்காக ஸ்தோத்திரம். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.