கோலும் விலையும்

கோல் என்பது தமிழிற் சிறிய சொல். அதன் ஆட்சியோ பெரிது. அரசன் கையிற் செங்கோல், வணிகன் கையில் துலாக்கோல், தச்சன் கையில் அளவுகோல், புலவன் கையில் எழுதுகோல், முதியோன் கையில் ஊன்றுகோல். ஊன்றுகோல் சற்று வளைந்திருந்தாலும் பொறுக்கலாம். மற்றவை வளைந்தாற் கேடு. வளைந்த கோலைக் கொடுங்கோல் என்றனர் நம் முன்னோர். கொடுமை என்னும் சொல்லுக்கு வளைவு என்பதே பழம்பொருள் என்று மாணவருக்கு ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். அச்சொற்பொருளின் முழு உண்மையை நான் உணர்ந்த இடம் வகுப்பறையன்று, ஸ்னூக்கர் மேசை.

பண்டிதனுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். சனிக்கிழமை மாலைகளிற் கழகமொன்றில் அவ்வாட்டத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆடி வருகிறேன். அதில் வல்லவனல்லேன். ஆயினும் ஆசிரியத் தொழில் செய்பவன் எங்கே போனாலும் கற்பவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கு வரும் மாணவரும் இளம் ஆசிரியரும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “ஐயா, விலை குறைந்த கோல் ஒன்றை இப்பொழுதே வாங்கலாமா? காசு சேரும்வரை பொறுத்திருந்து நல்லதாய் ஒன்று வாங்குவதா?”

இப்பொழுதே வாங்குக என்பதே என் விடை. அவ்விடைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் விடையே பொய்யாகிவிடும் என்பதனால் இதனை எழுதலானேன்.

ஆட்டத்தை அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. 1875இல் இந்தியாவின் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் படையதிகாரி தொடக்கியது இது. விதிகள் சில ஆண்டுகளின் பின் தமிழ்நாட்டு உதகமண்டலத்துக் கழகத்திலே ஒழுங்குபெற்றன. பன்னிரண்டடி நீள மேசை, இருபத்திரண்டு பந்து. கோலினால் வெள்ளைப் பந்தை மாத்திரமே தொடலாம். மற்றப் பந்துகளைக் குழியில் வீழ்த்துவது அவ்வெள்ளைப் பந்தின் வேலை. இதன் மூத்த உடன்பிறப்பாகிய பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் 1973ஆம் ஆண்டு பம்பாயில் உலக அமெச்சூர் வாகை சூடியவர் நம் நாட்டவராகிய எம். ஜே. எம். லாபிர். ஆகவே இக்கலை நமக்கு அயலானதென்று எவரும் சொல்லற்க.

இனிக் கோலுக்கு வருவோம். கழகங்களிற் சுவரோரமாகப் பொதுக்கோல்கள் சில நிற்கும். யாரும் எடுக்கலாம், எடுத்தவர் எப்படியும் வைக்கலாம். ஒன்று பதினேழு அவுன்சு நிறை, மற்றொன்று பத்தொன்பது. ஒன்றின் தோல்முனை தேய்ந்து தட்டையாயிருக்கும். மற்றொன்றின் முனை காளான்போல் விரிந்திருக்கும். கற்கத் தொடங்கும் இளைஞன் இன்று ஒன்றையும் நாளை வேறொன்றையும் எடுத்து ஆடுகிறான். அவன் கை நேற்றுக் கற்றதை இன்று மறக்க வேண்டியிருக்கிறது. நாளுக்கொரு கையெழுத்திற் பாடம் எழுதிக் கொடுத்தால் எழுத்துப் பழகும் குழந்தை என்ன செய்யும்? பயிற்சி என்பது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து அதன் வேறுபாட்டை உணர்வது. கருவி மாறிக்கொண்டேயிருந்தால் வேறுபாடு கையினதா கருவியினதா என்பது எக்காலத்தும் தெரியாது. சொந்தக் கோலின் முதற்பயன் அதன் உயர்வன்று. அது நாளையும் அதுவாகவே இருக்கும் என்பது.

ஸ்கொத்லாந்து வீரர் ஸ்டீபன் ஹென்ட்ரி 1990 முதல் 1999 வரை ஏழு முறை உலகப் பட்டம் வென்றார். ஏழு முறையும் அவர் கையிலிருந்தது இளம்பருவத்தில் வாங்கிய விலை குறைந்த கோலே. 2003இல் விமானப் பயணத்தில் அக்கோல் முறிந்தது. அதன் பின் அவருக்கு உலகப் பட்டம் வாய்க்கவில்லை என்பதைக் கொண்டு கோலிலே மாயம் இருந்ததென்று சொல்வோர் உளர். 1999க்குப் பின் பழைய கோல் கையிலிருந்த காலத்தும் வாய்க்கவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இதற்கு மறுதலையான கதையும் உண்டு. ஜோன் ஸ்பென்சரின் கோல் 1974இல் மோட்டார் விபத்தொன்றிற் பல துண்டானது. ஒட்டிச் சீர்செய்து ஆடினார். 1977இல் அவர் உலகப் பட்டம் வென்றது அக்கோலினாலன்று, நடுவிற் பூட்டுள்ள புதிய இரட்டைக் கோலினால். முதிர்ந்த கை புதுக்கோலைச் சில மாதத்திற் பழக்கிவிடும். முதிராத கைக்குத்தான் ஒரே கோல் வேண்டும். முதிராத கையையுடையவனிடமோ பெரும்பாலும் காசு இருப்பதில்லை.

விலையுயர்ந்த கோலில் எதற்காக விலை கொடுக்கிறோம் என்பதைச் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும். நல்ல கோலின் தண்டு ஆஷ் மரத்தாலோ மேப்பிள் மரத்தாலோ ஆயது. ஆஷில் மரத்தின் ஓட்டம் அம்புமுனை போலக் கண்ணுக்குத் தெரியும், மேப்பிள் வழுவழுப்பானது. அடிப்பாகத்துக்கு மேலைநாட்டார் மிக விரும்புவது கருங்காலி. அது நம் வறண்ட வலயக் காடுகளில் வளரும் மரம். கோடரிக்குக் காம்பாய் நின்று தன் இனத்தையே வெட்டியதென்று நாம் அதன் பெயரை வசைச்சொல்லாக்கிவிட்டோம். அவர்களோ அதனைக் கைப்பிடித்துப் போற்றுகின்றனர்! கருங்காலியின் பாரம் கோலுக்கு ஒரு சமநிலை தருகிறது என்பது உண்மை. தண்டையும் அடியையும் கைவேலையாற் பொருத்தினால் பொருத்தின் நுனி வளைந்து வட்டமாய் முடியும். இயந்திரத்தாற் பொருத்தினால் ஊசிபோற் கூராய் முடியும். முன்னதற்கு விலை பன்மடங்கு. கண்ணுக்கு அழகு; கைக்குப் பெருமிதம். பந்துக்கு அது தெரியுமா? தெரியாதென்றே நான் நினைக்கிறேன். பந்தைத் தொடுவது ஒன்பது அல்லது பத்து மில்லிமீற்றர் அகலமுள்ள தோல்முனை. தொடும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அந்த நேரத்தில் வேண்டப்படுவன தண்டு நேராயிருத்தலும் முனை உறுதியாயிருத்தலும் ஆகும்.

விலை குறைந்த கோல்களுக்கு நெடுங்காலம் பயன்பட்டது ரமின் என்னும் மரம். போர்னியோ, சுமாத்திரா முதலிய இடங்களின் சதுப்புக் காடுகளில் வளர்வது. அக்காடுகள் அருகியமையால் அம்மரத்தின் வணிகத்துக்கு 2004இல் அனைத்துலகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ரமின் கோல் சற்று மென்மையானது. ஆயினும் நேரான ரமின் கோலினால் ஆட்டம் பழகியவர் பலரைக் கண்டிருக்கிறேன்.

என் நிபந்தனைகள் இங்கேதான் தொடங்குகின்றன. விலை மலிவு வேறு, சரக்கு மலிவு வேறு. நம் நூற்பதிப்புகளைக் கொண்டே இதனை விளக்கலாம். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களைக் குறைந்த விலையில் வெளியிட்டார். தாள் ஆடம்பரமானதன்று, கட்டடமும் அத்தகையதே. ஆனால் அறிஞர் பார்வையிட்டுச் சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்புகள் அவை. ஏழை மாணவன் நம்பிப் படிக்கலாம். இன்னொருவகைப் பதிப்பும் உண்டு. அட்டை பளபளக்கும்; உள்ளே பக்கத்துக்குப் பத்துப் பிழை. மாணவன் ஒரு செய்யுளை நான்கு முறை படித்துப் பொருள் விளங்காமல், தனக்கு அறிவு போதாதென்று புத்தகத்தை மூடிவிடுகிறான். பிழை அச்சுக்கோத்தவனுடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கோலிலும் இப்படியே. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவனொருவன், தையற்காரரொருவரின் மகன், தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்த காசிற் கோலொன்று வாங்கி வந்தான். அடிப்பாகத்தில் நால்வகை நிறத்திற் பொருத்துவேலை தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒட்டிய படம். ஐந்து மாதம் பழகினான். நேர்ப்பந்துகள் யாவும் இடப்புறமே விலகின. முழங்கையை மாற்றினான், நிற்கும் நிலையை மாற்றினான், பெரியவர்கள் சொன்ன புத்திமதி எல்லாம் கேட்டான். “எனக்கு இது வராது, ஐயா” என்று ஒருநாட் சொன்னபோதுதான் அக்கோலைக் கையில் வாங்கிக் கண்ணோடு சேர்த்து நீளப் பார்த்தேன். பூட்டுக்கு மேலே தெளிவான வளைவு. பின்பு அவன் வாங்கிய வெறுங்கோல், சித்திர வேலை எதுவும் இல்லாதது, முன்னதிலும் விலை குறைந்தது. அதைக் கொண்டு இன்றும் ஆடுகிறான். ஐந்து மாதம் தன் கையின்மேல் அவன் சுமத்திய பழிக்குக் கடைக்காரரிடம் என்ன ஈடு கேட்பது?

ஆதலால் வாங்குவோர் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மேசையில் உருட்டிப் பார்ப்பது வழக்கம், அது போதாது. அடியினின்று நுனிவரை, தச்சன் சட்டம் பார்ப்பதுபோல, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மெல்லச் சுழற்றி மீண்டும் பார்க்க வேண்டும். இரட்டைக் கோலாயின் பூட்டி, அடியைத் தரையில் இலேசாகத் தட்டுக. உள்ளே கலகலத்தால் வேண்டாம். நுனியிற் பித்தளைப் பூண் இருக்க வேண்டும், உலக்கைக்குப் பூண் இருப்பதுபோல. நெகிழிப் பூணில் திருகிப் பொருத்தும் முனையுள்ள கோலை இலவசமாகத் தந்தாலும் வாங்கற்க. வளர்ந்தோர்க்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு அங்குல நீளமே வழக்கம்.

மிச்சப்படும் காசில் ஒரு சிறு பங்கைத் தோல்முனைக்குச் செலவிடுக. மலிவுக் கோலுடன் வரும் முனை பெரும்பாலும் மட்டமானது. அதனைக் கழற்றி, எல்க் மாஸ்டர் போன்ற சாதாரண நல்ல முனையொன்றை ஒட்டி, நாணய விளிம்பின் வளைவளவுக்கு அராவி உருட்டினால் கோல் வேறு கோலாகிவிடும். இதனை யாரும் வீட்டிலேயே செய்யலாம். பிறகு அக்கோலைச் சுவரிற் சார்த்தி வைக்கற்க. நம் நாட்டு ஈரக்காற்றிலும் வெயிலிலும் சார்த்திய கோல் சில மாதத்தில் வில்லாகும். கிடத்தி வைக்கலாம், அல்லது தொங்கவிடலாம். பெருவிலைக் கோலும் இந்த விதிக்குத் தப்பியதன்று.

“பொறுத்திருந்து உயர்ந்ததையே வாங்குவேன்” என்பவர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். 2022இல் அமெரிக்க டொலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியதை நாம் கண்டோம். இங்கிலாந்துக் கோலுக்கென்று உண்டியலிற் சேர்த்த காசு அவ்வாண்டில் என்ன ஆயிற்று? காசு சேரவேண்டிய காலமும் கை பழகவேண்டிய காலமும் ஒன்றே. இருபது வயதில் வாங்காத மலிவுக் கோலை நாற்பதில் வாங்கும் உயர்ந்த கோல் ஈடுசெய்யாது. கை நன்கு பழகி, தன் கோலின் குறை இன்னதென்று தானே சொல்லக்கூடியவன் உயர்ந்த கோல் வாங்கட்டும், அவனைத் தடுப்பேனல்லேன். எனக்கே கருங்காலிக் கோலொன்றின்மேல் ஆசை உண்டு.

இந்நாளிற் பலர் கடைக்குப் போகாமல், இணையத்திற் படம் பார்த்து வருவிக்கின்றனர். படத்தில் எந்தக் கோலும் நேராகவே இருக்கும். வளைந்திருந்தால் திருப்பியனுப்பலாம் என்னும் உறுதி இல்லாத இடத்தில் வாங்கவேண்டாம். உறுதி தந்த இடத்தில் வாங்கினாலும், பொதி வந்த அன்றே அவிழ்த்துக் கண்ணோடு சேர்த்துப் பாருங்கள். சோக்குப் பூசிய பின் யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.