புதுமண்டபத்துத் தையல்காரர்கள்



மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தையல் மிஷின் ஓடிய சத்தம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் கட்டும் சல்லடம், உருமால் எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். பிறகு அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மாற்றியது சரிதான் என்பேன். ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தூணில் இருக்கும் சிற்பத்தைக் காட்டப் போனால், தொங்கிய பாவாடைத் துணிதான் தெரிந்தது! (சிரிக்காதீர்கள், அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள்.)

ஆனால் அந்தத் தொழில் கோயில் கூட்டத்தை நம்பி இருந்தது. அளவு கொடுத்துவிட்டு அம்மனைக் கும்பிட்டு வருவதற்குள் சின்னப் பிள்ளைக்குச் சட்டை தயாராகிவிடும். வழியில் இருந்த கடைக்குக் கூட்டம் தானாக வந்தது. இப்போது தேடித்தான் போக வேண்டும். கட்டடம் கொடுத்தால் மட்டும் போதுமா? வாடிக்கையும் கூட வர வேண்டாமா?

நேர்த்திக்கடன் இருப்பவர்கள் பங்குனியிலேயே போய் அளவு கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் போய் அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். பேரனுக்குச் சல்லடம் தைக்க நானும் போகிறேன்.