திடலுக்கு வெளியே நிற்பவர்கள்

பந்தயம் பார்க்கப் போகும் பிள்ளைகளிடம் என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்டு வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் இடைநிலைப்பள்ளி ஹாக்கிக் குழுவில் இருக்கிறானாம். அவன் ஆடுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால், சுற்றி நின்றவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்கச் சகிக்காமல், சின்ன மகளின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று என்று வருத்தப்படுகிறார். கடிதத்தின் கடைசியில், "மலேசியாவும் இந்தியாவும் ஆடினால் நாம் யாருக்குக் கைதட்டுவது, ஐயா? இதற்காகவே எங்கள் வீட்டில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேச்சு வார்த்தை இல்லை" என்று வேறு கேட்டிருக்கிறார்.

தாத்தா, பேரன் வழக்கைப் பிறகு விசாரிப்போம். முதலில் இந்தக் கூச்சல் விவகாரம்.

கூச்சலே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. கைகட்டி வாய்பொத்தி நின்று பார்ப்பதற்குப் பந்தயம் எதற்கு? பள்ளித் திடலுக்கு உறுமி மேளம் கொண்டுவந்து அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் ஓட்டத்திலேயே ஒரு மிடுக்கு வந்துவிடும். 'மலேசியா போலே' என்று கூட்டம் முழுவதும் சேர்ந்து குரல் கொடுத்தால் களைத்த காலும் ஓடும். அதெல்லாம் இருக்கட்டும், வேண்டும்.

ஆனால், ஹாக்கிக்கென்று ஒரு தன்மை இருக்கிறது. மட்டை தரையில், கண் பந்தில், முதுகு வளைந்தபடி ஓட வேண்டிய ஆட்டம் இது. பின்னால் விரட்டி வருவது யார், இடப்பக்கம் காலியாக நிற்பது யார் என்பதையெல்லாம் ஆடுகிறவன் பாதி காதால்தான் அறிகிறான். 'விடு!', 'பின்னால ஆளு!' என்று தோழன் கொடுக்கும் சின்னக் குரலை நம்பித்தான் அவன் பந்தைத் தள்ளுகிறான். நடுவரின் விசிலும் அப்படித்தான். விசில் கேட்டால் நிற்க வேண்டும், கேட்காவிட்டால் ஆட வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். ஆகவே, பார்க்க வருகிறவர்கள் யாரும் விசில் கொண்டுவரவே கூடாது. வேலிக்கு வெளியிலிருந்து ஒருவன் ஊத, தற்காப்பில் நின்ற பிள்ளைகள் அப்படியே நின்றுவிட, எதிரணி கோல் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

கோட்டோரம் நிற்கும் அப்பாக்கள் வேறு. அப்பா 'அடிடா!' என்கிறார். மாமா 'குடுடா!' என்கிறார். பயிற்சி கொடுத்த ஆசிரியர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். பன்னிரண்டு வயதுப் பையன் யார் சொல்லைக் கேட்பான்? மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம் என்பதுகூடத் தெரியாதவர்கள்தாம் பெரும்பாலும் இப்படி யோசனை சொல்லுகிறார்கள் என்பது வேறு கதை.

கோல் காவலனுக்கு வருவோம். பதினொரு பேரில் தனியாக நிற்பவன் அவன். காலில் தடித்த காப்பு, நெஞ்சில் காப்பு, தலையில் கவசம். நம் ஊர் வெயிலில் அதற்குள் நிற்பதே ஒரு தண்டனை. முன்னால் ஆடுகிறவன் ஐந்து முறை தவறவிட்டாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை. இவன் ஒரு முறை விட்டால் பலகையில் எண் ஏறிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வட்டாரப் போட்டிக்கு எங்கள் குழுவை அழைத்துப் போயிருந்தேன். தோட்டத்திலிருந்து ஆட்கள் லாரியில் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது பெரிய பெருமை. கம்பத்தில் நின்றவன் ஆறாம் ஆண்டு மாணவன். கூர்மையான கண், பயம் அறியாதவன். முதல் பாதியில் இரண்டு கோல் விழுந்தன. இரண்டும் அவன் குற்றமல்ல. தற்காப்பில் நின்றவர்கள் பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அவன வெளிய எடுங்க சார்! ஓட்டப் பானைய வச்சுத் தண்ணி புடிக்கிறீங்களா?" என்று நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொன்னவர் கெட்டவர் அல்லர். அன்று காலையில் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தவரே அவர்தாம். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிவரை நின்றான், அதற்குப் பிறகு ஒரு கோல்தான் விட்டான். மறுவாரம் பயிற்சிக்கு வந்தவன், "சார், நான் முன்னால விளையாடுறேன்" என்றான். காரணம் சொல்லவில்லை. அந்த ஆண்டு முழுவதும் கால்காப்பு இரண்டும் விளையாட்டுப் பொருள் அறையின் மூலையில் கிடந்தன. அவற்றை மாட்டிக்கொள்ள ஒரு பிள்ளையும் முன்வரவில்லை. எதிரணிக்காரர்கள் கத்தியிருந்தால் அவன் மறந்திருப்பான் என்பது என் எண்ணம். நம்மவர் குரல் என்பதால்தான் உள்ளே போய்விட்டது.

எதிரணிக் காவலனைக் கேலி செய்வதை ஒரு வித்தையாகவே வளர்த்து வைத்திருப்பவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். அங்கே ஹாக்கி என்றால் பனித்தரை ஹாக்கி. கோல் விழுந்ததும் மாணவர் கூட்டம் எதிரணிக் காவலனைக் கைநீட்டிச் சுட்டி, 'சல்லடை! சல்லடை!' என்று கூவும். கார்னெல் பல்கலைக்கழகத்தில், எதிரணி ஆட்டக்காரர்களை அறிமுகப்படுத்தும்போது மாணவர்கள் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். உங்களைப் பார்ப்பதைவிடப் பேப்பர் படிப்பது மேல் என்று பொருள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. குறும்புதான், யாருக்கும் காயமில்லை. மீன் கதைதான் பிடிக்கவில்லை. கார்னெலில் வேளாண்மைக் கல்லூரி இருப்பதைக் கிண்டல் செய்வதற்காக 1973இல் ஹார்வர்ட் ரசிகர்கள் கார்னெல் காவலனை நோக்கிக் கோழியை எறிந்தார்களாம். அதற்குப் பழி வாங்க, ஹார்வர்ட் அணி வந்தால் மீனை எறிவது என்று கார்னெல் மாணவர்கள் ஆரம்பித்து, அது வழக்கமாகவே நிலைத்துவிட்டது. எறிந்த மீனை எல்லாம் பொறுக்கிச் சுத்தம் செய்யும் வரை ஆட்டம் நிற்க வேண்டியதுதான். தாமதம் செய்ததாகச் சொல்லி நடுவர் சொந்த அணிக்கே தண்டனை கொடுத்து, ஓர் ஆட்டக்காரரை வெளியே உட்கார வைக்கவும் இடமுண்டு. படித்த பிள்ளைகள்! இன்று சந்தையில் மீன் விற்கிற விலைக்கு நம் வீட்டில் எடுத்து எறிய விடுவார்களா?

நடுவரைத் திட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளித் திடலில் நடுவராக நிற்பவர் அநேகமாக இன்னொரு பள்ளியின் ஆசிரியர். சனிக்கிழமைக் காலையில் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து வெயிலில் ஓடுகிறவர். பந்து காலில் பட்டதா, மட்டையில் பட்டதா என்பது பக்கத்தில் நிற்கும் அவருக்கே சில வேளை சந்தேகமாக இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் மைலோ குவளையோடு நிற்கும் நமக்கு மட்டும் எப்படியோ துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது!

இது முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் சாட்சி. இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி ஒரே கோலில் பாகிஸ்தானை வென்றது. நடுவர்களின் தீர்ப்பை ஒப்பாத பாகிஸ்தான் தரப்பினர் அதிகாரிகளின் மேசையை நோக்கிப் பாய்ந்தார்கள். அனைத்துலக ஹாக்கிச் சம்மேளனத்தின் தலைவர் ரெனே ஃபிராங்க் தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். பரிசளிப்பின்போது ஆட்டக்காரர்கள் வென்ற நாட்டின் கொடிக்கு முதுகு காட்டினார்கள். பலருக்கு ஆயுள்காலத் தடை விதிக்கப்பட்டு, பிற்பாடு தளர்த்தப்பட்டது. வெள்ளிப்பதக்கம் வாங்கிய அந்த அணி எவ்வளவு அழகாக ஆடியது என்பதை இன்று யாரும் பேசுவதில்லை; தண்ணீர் ஊற்றியதைத்தான் பேசுகிறார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1975 மார்ச் 15ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். மீண்டும் பாகிஸ்தான், எதிரே இந்தியா. 1–1 என்றிருந்தபோது, தயான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்து வந்தது. கோல் என்று தீர்ப்புச் சொன்னவர் நம் நாட்டு நடுவர் விஜயநாதன். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் கோலே இல்லை என்று வாதாடினார்கள். அவர் தீர்ப்பை மாற்றவில்லை. இந்தியா 2–1 என்று கிண்ணத்தை வென்றது. இன்றைக்கு அனைத்துலக ஆட்டங்களில் காணொளியைப் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வழி இருக்கிறது. அன்று அந்த மனிதருக்கு இருந்தவை இரண்டு கண்களும் ஒரு விசிலும்தான். நம் பள்ளித் திடலில் நிற்கும் நடுவருக்கு இன்றும் அவ்வளவுதான்.

வாசகி தம் மகளின் காதைப் பொத்தியதற்கு வருகிறேன். அவர் கேட்ட சொற்களை அவரும் எழுதவில்லை, நானும் எழுதப் போவதில்லை. மாவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற எவருக்கும் அவை என்னவென்று தெரியும். தோல் நிறத்தைச் சொல்வது, சாப்பாட்டைச் சொல்வது, பெற்றவளை இழுப்பது. நம் பிள்ளைகளை நோக்கி அப்படி வரும்போது நமக்கு இரத்தம் கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். அதே திடலில் சீனப் பையனையும் மலாய்ப் பையனையும் பார்த்து நம் பக்கத்திலிருந்து போகிற சொற்கள் மட்டும் 'தமாஷ்' ஆகிவிடுகின்றன. எந்தப் பள்ளி ஆசிரியராக இருந்தாலும் அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நடுவரிடமோ போட்டி ஏற்பாட்டாளரிடமோ போய் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, கத்தியவரை வெளியேற்றச் சொல்லலாம். எங்கள் வட்டாரத்தில் ஒரு முறை அப்படி நடந்தது. பத்து நிமிடம் ஆட்டம் நின்றது. அந்தப் பத்து நிமிடமும் இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒரே தண்ணீர்த் தொட்டியருகில் உட்கார்ந்து மட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள்தாம் விறைத்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது தாத்தாவின் வழக்கு. அவருடைய வயது எனக்குத் தெரியாது. 1975இல் வாலிபராக இருந்திருப்பார் என்று ஊகிக்கிறேன். நான் மேலே சொன்ன அந்த உலகக் கிண்ணத்தில், இறுதி ஆட்டத்துக்கு முன் இந்தியா மோதியது நம்மோடுதான். நெதர்லாந்தை வென்று மலேசியா அரையிறுதிக்கு வந்திருந்தது. பூன் ஃபூக் லோக்கோடு ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் என்று நம்மவர் பெயர்களும் அந்த அணியில் இருந்தன. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மலேசியா 2–1 என்று முன்னால் நின்றது. அப்போது அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமப்படுத்தினார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் போட்ட கோலால் இந்தியா 3–2 என்று வென்றது. மலேசியா நான்காம் இடத்தில் முடித்தது. உலகக் கிண்ணத்தில் அதைவிட மேலான இடம் நமக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. அன்று மனத்துக்குள் இந்தியாவுக்காகக் கைதட்டிய பெரியவர்கள் இருந்திருப்பார்கள். பெற்றோர் கப்பலேறி வந்த மண்ணின்மீது பாசம் இருப்பதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால், வழக்கில் நான் பேரன் பக்கம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் 2–2 என்று சமநிலை கண்டன. தீர்வு காண ஒருவருக்கு ஒருவர் என்று நடந்த கோலடிப்பில் இந்திய ஆட்டக்காரர்களுக்கு எதிரே நம் கம்பத்தில் தனியாக நின்றவர் குமார் சுப்பிரமணியம். மலேசியா 7–6 என்று வென்றது. அந்த நேரத்தில் வேறு யாருக்குக் கைதட்ட மனம் வரும்? 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதி ஆட்டத்தையும் தாத்தாவுக்கு நினைவூட்டுங்கள். முதல் பாதி முடிவில் மலேசியா 3–1 என்று முன்னணியில் இருந்தது. மூன்றாம் கால் பகுதி முடிவதற்குள் இந்தியா அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுச் சமப்படுத்தி, கடைசியில் 4–3 என்று வென்றது. சென்னைத் தமிழர்கள் தங்கள் நாட்டு அணிக்குத்தான் தொண்டை வறளக் குரல் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது முறை. அதே முறை நமக்கும் உண்டு. இந்திய ஆட்டக்காரர் ஒருவர் மூன்று பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோனால் அதற்கும் தாராளமாகக் கைதட்டலாம். நல்ல ஆட்டத்துக்குத் தட்டுவதில் துரோகம் ஒன்றுமில்லை.

பேரனின் அடுத்த ஆட்டத்துக்குத் தாத்தாவையும் அழைத்துப் போங்கள், அம்மா. நிழலாகப் பார்த்து நாற்காலி போடுங்கள். கம்பத்துக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். அந்தப் பந்து 156 முதல் 163 கிராம் எடை, கல் மாதிரி இருக்கும். வலையில்லாத பக்கமாக வந்தால் தாத்தாவால் குனிய முடியாது.