யந்திரம் பொய் சொல்லுமா?

நேயர்களே, கடைக் கணக்கிலே மூவாயிரத்துச் சொச்சம் ரூபா குறைந்தது என்பதற்காக ஒரு வாரத்துப் பத்தியைச் செலவிடலாமா என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். குறைந்த காசைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதனால் ஒரு பெண்பிள்ளை மீது விழுந்த பழியைப் பற்றியே எழுதுகிறேன்.

என்னிடம் கணிதம் பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், இப்பொழுது யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து கடைகளுக்கான மென்பொருள் எழுதி வருகிறார். கடை மேசையிலே சிட்டை போடும் கணினியை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பண்டத்தின் மீதுள்ள கோட்டுக் குறியை ஒளியால் வாசித்து, விலைகளைக் கூட்டி, சிட்டையை அச்சிட்டு, காசு லாச்சியையும் திறந்துவிடும் அந்த யந்திரத்துக்கு அறிவூட்டுவதே இவர் தொழில். சென்ற வருடம் நயினாதீவில் ஒரு பலசரக்குக் கடைக்கு அத்தகைய யந்திரம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். அக்கடையில் மேசைக்கு இருந்தவள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த ஒரு பிள்ளை.

யந்திரம் வந்த முதல் வாரத்திலேயே விபரீதம் தொடங்கிற்று. திங்கட்கிழமை இரவு கணக்குப் பார்த்தபோது, யந்திரம் காட்டிய தொகையிலும் பார்க்க லாச்சியில் 1,260 ரூபா குறைவு. செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒத்திருந்தது. புதன்கிழமை மறுபடியும் 2,485 ரூபா குறைவு. முதலாளி பொல்லாத மனிதர் அல்லர். முதல் நாள், "பிள்ளை, மிச்சக் காசு மாறிக் குடுத்திருப்பாய், கவனமாய்ப் பார்" என்று சொன்னதோடு விட்டுவிட்டார். இரண்டாம் முறை அவர் ஒன்றும் பேசவில்லை; சம்பளத்தில் 3,745 ரூபா கழிக்கவேண்டும் என்று கொப்பியில் எழுதிவைத்தார். பேசாமல் எழுதினாரே, அதுதான் அவளைச் சுட்டது. தீவோ சிறிது. மறுநாட்காலை அவள் கிணற்றடிக்குப் போனபோது, அங்கே நின்ற இருவர் தம் பேச்சைச் சட்டென நிறுத்திக்கொண்டார்களாம்.

கடைக் கணக்குக் குறைவது தீவுப் பகுதி மக்களுக்கு எத்தகைய விஷயம் என்பதை இளைய மாணவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, அனலைதீவு ஆகிய ஊர்களிலிருந்து கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் சென்று கடை வைத்தவர்கள் பல தலைமுறையினர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் உறவினர் கடையில் வேலை பழகச் சென்றார்கள். அப்பையனுடைய சொத்தெல்லாம் அவனுடைய கைச்சுத்தம் ஒன்றே. இரவிலே கணக்கு ஒத்துவிட்டால் உறக்கம் வரும். ஒவ்வாவிட்டால் ஊருக்குக் கடிதம் போகும். 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அக்கடைகளுட் பல எரிந்தொழிந்தன. எஞ்சியவர்களிற் பலர் இலண்டனிலும் கனடாவிலும் மறுபடி கடை திறந்தார்கள். கணக்கைப் பற்றிய அந்தப் பயம் மாத்திரம் தீவுகளில் அப்படியே இருக்கிறது.

காசு யந்திரம் பிறந்த கதையும் இத்தகைய சந்தேகத்தின் கதையே. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரில் மதுச்சாலை வைத்திருந்தவர் ஜேம்ஸ் றிற்றி. வேலையாட்கள் காசைத் தம் பையிலே போட்டுக்கொள்ளுகிறார்கள் என்பது அவருடைய தீராத மனக்குறை. ஐரோப்பாவுக்குக் கப்பலிற் சென்றபோது, உந்துசக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிக் காட்டும் கருவியொன்றைக் கண்டார். சக்கரத்தின் சுற்றை எண்ணலாமென்றால் விற்பனையையும் எண்ணலாமே என்று தோன்றிற்று. 1879 இல் அவரும் அவருடைய சகோதரரும் உரிமைப்பத்திரம் பெற்ற யந்திரத்துக்கு, கையூட்டுக்கு மயங்காத காசாளர் என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். யந்திரம் நேர்மையானது, மனிதனே சந்தேகத்துக்குரியவன் என்ற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது, பாருங்கள்.

நயினாதீவுப் பிள்ளையோ ஒரு காரியம் செய்திருந்தாள். அவளுடைய தந்தையார் கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக இருந்தவர். "மெசின் இருந்தாலும் உன்ரை கையாலை ஒருக்கா எழுதிவை" என்று அவர் சொல்லியிருந்தபடியால், ஒவ்வொரு சிட்டையின் தொகையையும் ஒரு பழைய பாடசாலைக் கொப்பியில் எழுதிவந்தாள். என் மாணவர் செய்தி கேட்டு முதற் படகிலே நயினாதீவுக்குப் போனார். கொப்பியின் கூட்டுத்தொகையும் லாச்சிக் காசும் சதம் பிசகாமல் ஒத்திருந்தன. யந்திரக் கணக்கிலேதான் மூன்று சிட்டைகள் இரண்டு முறை பதிவாகியிருந்தன: திங்களன்று 1,260 ரூபா, புதனன்று 845 ரூபாவும் 1,640 ரூபாவும். கொப்பியில் அந்த மூன்று வரிகளுக்கும் பக்கத்திலே அவள் 'கறண்ட் போனது' என்று எழுதியிருந்தாள். செவ்வாயன்று கறண்ட் போகவில்லை.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பெருநிலத்து மின்கம்பி வருவதில்லை. அங்கேயே மின்பிறப்பாக்கி ஓடவேண்டும். கடையிலுள்ள யந்திரம் ஒவ்வொரு விற்பனையையும் கைத்தொலைபேசி இணைப்பின் வழியே பட்டினத்திலுள்ள தலைமைக் கணினிக்கு அனுப்புகிறது. 'கிடைத்தது' என்ற மறுமொழி வந்ததும் அனுப்பியாயிற்று எனக் குறித்துக்கொள்ளும். வராவிட்டால் மறுபடி அனுப்பும். செய்தி போய்ச் சேர்ந்தபின், மறுமொழி வருமுன், மின்சாரம் நின்றால் என்ன நிகழும்? பத்து மூடை சீனி வேண்டுமென்று கொழும்பு வியாபாரிக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். கடிதம் போய்ச் சேர்ந்தது. அவருடைய பதில் வழியிலே தொலைந்தது. நீங்கள் மறுபடி எழுதுகிறீர்கள். இருபது மூடை வந்து இறங்கும். நயினாதீவில் நிகழ்ந்ததும் இதுவே. பரிகாரமும் எளிதுதான். கடிதத்துக்கு ஒரு கட்டளை எண் இடுங்கள். ஒரே எண்ணோடு இரண்டாவது கடிதம் வந்தால், 'இது முன்பே கிடைத்தது' என்று வியாபாரி அறிந்துகொள்வார். என் மாணவர் ஒவ்வொரு விற்பனைக்கும் கடையிலேயே தனி எண் இடச் செய்தார்.

"சேர், நான் நூறு தரம் சோதிச்சுப் பார்த்தனான்" என்று அவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். மின்விசிறியின் கீழ், தடையில்லாத மின்சாரத்திலே சோதித்தார். தாம் எழுதிய வினாத்தாளுக்குத் தாமே விடை எழுதிப் புள்ளியும் இட்டுக்கொண்டவருக்கு நூறு கிடைத்ததில் அதிசயம் என்ன?

இதனை ஒரு சிறு தீவின் சிறு பிசகு என்று தள்ளிவிடாதீர்கள். பிரித்தானியாவில் அஞ்சல் நிறுவனம் தன் கிளைக் கடைகளிலெல்லாம் 1999 முதல் 'ஹொறைசன்' என்னும் கணினி முறையைப் புகுத்திற்று. அதன் கணக்கு குறைவு காட்டியதனால், 900 க்கு மேற்பட்ட கிளை அஞ்சலதிபர்கள் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். நம்மைப்போல் தெற்காசியாவிலிருந்து சென்று கடை வைத்தவர்களும் அவர்களுட் பலர். சீமா மிஸ்ரா என்ற இந்தியப் பெண்மணி 2010 இல், மகனுடைய பத்தாவது பிறந்தநாளன்று, கருவுற்றிருந்த நிலையிலே சிறைக்கு அனுப்பப்பட்டார். கணினி ஒழுங்காக இயங்கியது என்றே முதலிற் கொள்ளுவது அந்நாட்டு நீதிமன்ற வழக்கமாயிருந்தது. 2015 இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்ரன் கிளையில், திரை நகராதபடியால் ஓர் ஊழியர் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்த, 8,000 பவுண் நான்கு முறை பதிவாகி, 24,000 பவுண் குறைவு காட்டிற்று. நயினாதீவில் நடந்ததற்கு இது உடன்பிறந்த பிழை! 2019 மார்கழியில் உயர்நீதிமன்றம் ஹொறைசனின் பிழைகளை ஒப்புக்கொண்டு தீர்ப்பளித்தது. சீமா மிஸ்ராவின் தண்டனை 2021 இல் நீங்கிற்று. ஏனைய பலருடைய தண்டனைகளை ஒரேயடியாக நீக்க 2024 இல் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. விடுதலைச் செய்தி வருமுன்னே இறந்துபோனவர்களும் உளர். அவர்களுக்குக் கைக்கொப்பி எழுதிவைக்கச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லைப் போலும்.

என் மாணவர் அடுத்துச் செய்ததை நான் மெச்சுகிறேன். பிழை தம்முடையது என்று முதலாளியின் முன்னிலையிலும், கடைக்கு வந்திருந்த நாலு பேர் கேட்கவும் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளையையே தமக்குப் பரீட்சகராக அமர்த்திச் சம்பளமும் பேசினார். அவள் யந்திரத்தைப் படுத்திய பாட்டை அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிட்டை பாதி அச்சாகும்போது மின்சாரத்தைப் பிடுங்கினாள். ஒரே விசையைக் குழந்தைபோல் ஏழு முறை அழுத்தினாள். விற்காத பண்டத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு வரும் சனத்தை மனதிற்கொண்டு, நாலு தோழிகளைக் கூட்டிவந்து ஒரு மணி நேரம் ஓயாமல் சாமான் வாங்கவைத்தாள். நாகவிகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர்களுக்குச் சிங்களச் சிட்டை சரியாக வந்தது. தமிழ்ச் சிட்டையிலேதான் 'கொத்தமல்லி'யின் கொம்பு ஓரிடத்திலும் அரவு வேறிடத்திலுமாக நின்றன. அச்சுப்பொறிக்குத் தமிழெழுத்தைக் கூட்டத் தெரியாதபடியால், சிட்டை முழுவதையும் ஒரு படமாக்கி அச்சிடவேண்டி வந்தது.

கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு இன்னும் ஒன்று. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் முடிவில்லாமல் 0.333 என்று நீளுகிறதல்லவா? இரண்டின் அடியிலே எண்ணுகிற கணினிக்குப் பத்தில் ஒன்றும் அப்படியே முடிவுறாத எண். ஆதலால் ரூபாவைத் தசமமாக வைத்துக் கூட்டினால் எங்கோ ஒரு சதம் வழுவும். எல்லாவற்றையும் முழுச் சதங்களாகவே வைத்துக் கூட்டவேண்டும். வரியிலும் ஒரு பொறி உண்டு. பெறுமதி சேர் வரி 2024 தை 1 ஆந் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. 2023 மார்கழி 31 இல் வாங்கிய பண்டத்தை மறுநாள் திருப்பினால் எந்த வீதத்தில் காசு கொடுப்பது? வரி சேர்ப்பதற்கு முன் ஆயிரம் ரூபா விலையுள்ள பண்டத்தில் முப்பது ரூபா வித்தியாசம் வரும். தீவுக் கடைக்கு இவ்வரி இல்லை. ஆயினும் பட்டினத்துப் பெரிய கடைக்கு எழுதிய மென்பொருளில் இப்பிழையையும் கண்டுபிடித்தவள் அவளே.

கழித்த 3,745 ரூபாவை முதலாளி திருப்பிக் கொடுத்துவிட்டார். சென்ற மாதம் நான் நயினாதீவுக்குப் போயிருந்தபோது அக்கடையில் ஒரு சோடா வாங்கினேன். யந்திரம் சிட்டையைத் தந்தது. அவள் அதைக் கிழித்து என்னிடம் நீட்டிவிட்டு, பக்கத்திலிருந்த கொப்பியை இழுத்து, பென்சிலால் அந்தத் தொகையையும் எழுதிக்கொண்டாள்.